பின்சீட்டு இல்லாத கார்

சாவியைப் போடுமுன் சிட்டிபாபு ஷெட்டின் பின்பக்கம் திரும்பி, "சுலோசனா, வா, ஒரு சுத்து போய்க்கினு வரலாம்" என்று குரல் கொடுப்பார். அவர் மனைவி அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். யாருடைய காராக இருந்தாலும் சரி, ரிப்பேர் முடிந்து ஓட்டிப் பார்க்கையில் அவள் இல்லாமல் அவர் கிளம்பியதே இல்லை.

திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா, சத்தியவேடு யாருக்கு என்று சித்தூரே பேசிக்கிடந்த வருஷங்கள் அவை. கடையில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வேலூர்ச் சாலையில் எப்போதாவது ஒரு கார் போகும். மற்ற நேரமெல்லாம் மாம்பூ வாசனைதான்.

எதிரே டீக்கடை ரங்கையாவுக்குத் தினமும் இதே வேலை. "இன்னா மேஸ்திரி, ரிப்பேரா, ஊர்கோலமா? பொண்டாட்டி இல்லாம உனுக்கு கியரு விழாதா?" என்று கத்துவார்.

"விழாதுய்யா. நீ ஒயுங்கா டீயப் போடு."

பெண்டாட்டிதாசன் என்ற பெயர் சிட்டிபாபுவுக்குச் சௌகரியமாகவே இருந்தது. உண்மை அதைவிட மோசம். லாரி இன்ஜின்களோடு கழித்த காலம் அவர் காதைத் தின்றுவிட்டது. உரக்கப் பேசினால் கேட்கும். மெல்லப் பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பார். சக்கரத்தின் முனகல் மட்டும் எட்டாது. செவிட்டு மெக்கானிக்கிடம் யார் காரை விடுவார்கள்? அதனால் கேட்பது சுலோசனாவின் பொறுப்பு. இடப்பக்கம் உறுமினால் இடத்தோளில் ஒரு தட்டு, வலப்பக்கமானால் வலத்தோளில். வளைவில் எந்தப் பக்கம் பாரம் சாய்கையில் உறுமல் கூடுகிறது என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

மாந்தோப்பு வேதாச்சலம், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரன் ஒருவனிடம் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றுதான் சிக்கல். மேல்கூரை கிடையாது. இரண்டே இருக்கை.

"முன்னாடி சக்கரம் உறுமுதுப்பா. வா, கேளு. நானே ஓட்டுறேன். என் கை இல்லாம இது நகராது."

சிட்டிபாபு பக்கத்தில் உட்கார்ந்து போனார். "கேக்குதா?" என்று வேதாச்சலம் கேட்டபோதெல்லாம், "கேக்குது, கேக்குது" என்றார். ஷெட்டுக்கு வந்ததும் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது. பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறுகை விரல்களை ஸ்பிரிங்கின்மேல் வைத்தார். மணலை அரைப்பதுபோல் ஒரு நடுக்கம் விரலில் ஏறியது. மறுபக்கமும் அப்படியே. இரண்டு பேரிங்கும் தேய்ந்திருந்தன.

மெட்ராஸிலிருந்து புது பேரிங் வந்தது. உள்ளங்கையால் கிரீஸை அழுத்தித் திணித்து, நட்டை இறுக்கி, பிறகு ஒரு மயிரிழை தளர்த்தி, நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே பின் ஒன்றைச் செருகி வளைத்து விட்டார். வேதாச்சலம் ஒரு சுற்று ஓட்டி வந்து இறங்காமலே சொன்னார்:

"உறுமல் போச்சு. ஆனா லேசா இன்னாவோ ஒண்ணு கேக்குது. புதுசு பழகுற சத்தமா, உள்ளார உரசுதான்னு எனுக்குத் தெரியல. நீ ஒருவாட்டி கேட்டுச் சொல்லு. நாளைக்கு எம் பொண்ணை உக்கார வச்சிக்கினு திருப்பதி மலை ஏறணும்."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் போதும். பணமும் வரும், பெயரும் நிற்கும். சிட்டிபாபு திறந்த வாயை மூடினார். மலைப்பாதையின் வளைவுகள் அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணையும் தெரியும்.

"நீங்க எறங்குங்க சார்" என்றார். டீக்கடை வரைக்கும் கேட்கும் குரல். "கேட்டுச் சொல்ல எனுக்குக் காது இல்ல. இத்தினி வருசமா கேட்டதெல்லாம் அவதான்."

வேதாச்சலம் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கினார்.

சுலோசனா ஷெட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சிட்டிபாபு தோளில் கிடந்த துண்டை உதறி, ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கையை அழுந்தத் துடைத்தார். பிறகு, கடைத்தெரு மொத்தமும் பார்த்திருக்க, அந்தச் சின்னச் சிவப்புக் கதவை அவளுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டார்.