வந்திருந்தவர்கள்

படங்களுக்குக் குரல் கொடுக்கும் அவளை அந்தக் குடியிருப்பில் டப்பிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வசனம் எதுவும் அவள் பேசியதில்லை. விம்மல், இருமல், கூட்டத்தின் கூச்சல், இவைதான் அவள் பிழைப்பு. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது. பழைய டேப் ரெக்கார்டரும் எதிரொலிக் கருவியும் வாங்கி வந்து, 'சும்மா' என்ற ஒரே சொல்லை வைத்து, குரலாலேயே ஒரு கவிதை செய்ய உட்கார்ந்தாள். அந்தச் சொல்லை இழுத்தாள், உடைத்தாள், மூச்சாலேயே சொன்னாள். டேப்பை வெட்டி ஒட்டி, எதிரொலிக் கருவியில் ஓடவிட்டாள். குரல்மேல் குரல் ஏறி அறையே சந்தைபோல இரைந்தது.

ஒரு மாலை பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா, பாப்பா தூங்குறா. வந்திருக்கவங்கள கொஞ்சம் மெதுவா பேசச் சொல்றீங்களா?"

"சொல்றேன்மா."

"எங்க வீட்டுக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்ல. நீங்க குடுத்து வச்சவங்க."

உள்ளே யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சிரித்து மழுப்பிவிட்டாள். அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டிருக்கலாமே என்று தோன்றுவதற்குள் பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. கருவியின் ஒலியைக் குறைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.