பாடகரின் பல்செட்

மாண்ட்ரியல் நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் உள்ள என் பல் மருத்துவமனைக்கு ஒரு நாள் காலை, எண்பது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர் ஒருவர் வந்தார். மேல்வரிசையில் நான்கு பற்களே மிச்சம், அவையும் ஆடின. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘ப்ளூஸ் பாடகர்’ என்று எழுதியிருந்தார். சென்னையில் வளர்ந்த எனக்கு அந்த இசை அறவே தெரியாது. என் உதவியாளர் யாழ்ப்பாணத்துப் பெண். போனில் தேடிவிட்டு வந்து காதோடு சொன்னாள்: “டொக்டர், இவர் சின்ன ஆள் இல்லை. இவற்ற பாட்டைக் கேட்டுத்தானாம் கனபேர் பாடவே தொடங்கினவை.”

அடுத்தடுத்து வந்தபோது அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மிசிசிப்பியில் பருத்தி பறித்த குடும்பம். பதினாறு வயதில் சிகாகோவுக்கு ரயிலேறி, பகலில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, வார இறுதியில் மதுக்கடைகளில் பாட்டு என்று காலம் போயிருக்கிறது. அவர் பாட்டைப் பாடி வேறு சிலர் பெரிய பெயர் வாங்கினார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பு இல்லை. மாண்ட்ரியலுக்குக் கச்சேரி செய்ய வந்தவர், இங்கே ஒரு பெண்ணை மணந்து தங்கிவிட்டார். மனைவி இப்போது இல்லை.

ஆடிய பற்களை எடுத்துவிட்டு, வரிசை பிசகாத பல்செட் ஒன்று செய்து கொடுத்தேன். பத்தே நாளில் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

“அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடுவது நான் இல்லை.”

“பழக ரெண்டு மாசம் ஆகும்,” என்றேன், சற்று எரிச்சலோடு.

அவர் பர்ஸிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். இளவயதுச் சிரிப்பு, முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. அதே இடைவெளி பல்செட்டிலும் வேண்டும் என்றார். பிறகு பல்செட்டை மாட்டிக்கொண்டு இரண்டு வரி பாடினார். சொற்களின் ஓரமெல்லாம் விசில்போலக் கீச்சிட்டது.

இருபது வருடமாகப் பல்லிடுக்கை அடைத்தே பழகியவள் நான். தயங்கினேன்.

“அவர் கேக்கிற மாதிரியே செய்து குடுங்கோ டொக்டர். வாய் அவற்றதானே,” என்றாள் உதவியாளர்.

மூன்று முறை மாற்றிச் செய்தோம். மூன்றாம் முறை பாதிப் பாட்டில் நிறுத்தினார். மறுபடி தவறிவிட்டதென்று நினைத்தேன். “இதுதான்,” என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

அந்த மாதமே பக்கத்து நகரமான லவாலில் ஒரு சின்ன அரங்கில் பாடினார். நாங்கள் இருவரும் போனோம். நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு மணி நேரம் பாடினார்.

“விளங்கினதோ டொக்டர்?” வெளியே வரும்போது அவள் கேட்டாள்.

“பாதி.”

“எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா அடுத்த முறையும் வருவம்.”