சுருட்டி வைத்த மெத்தை

அற்புதமலருக்குக் கோபம் வந்தால் கொழுந்துக் கூடையைக் கீழே இறக்கக்கூடப் பொறுமை இருக்காது. முதுகில் கூடையோடேயே சண்டை போடுவாள். நமுனுகுல மலைப்பக்கத்து அந்தத் தோட்டத்தில் கங்காணி முதற்கொண்டு எல்லாருக்கும் இது தெரியும். ஐம்பது தாண்டியும் மலை ஏறிக் கொழுந்து பறிக்கிறவள். அவள் புருஷன் மத்தேயு நேர்மாறு. வாய் திறக்கமாட்டார். நெஞ்சு வலித்தாலும் திறக்கமாட்டார். பாதி ஏற்றத்தில் நின்று அவர் நெஞ்சைத் தடவிக்கொள்வதை அவள் பலமுறை பார்த்துவிட்டாள். கேட்டால் "வாயு" என்பார். இஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

"பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டுங்கன்னா என்னா?"

"அங்க போறவுங்க பெட்டியிலதான் திரும்பி வாறாங்க. எங்கண்ணன் அப்பிடித்தானே வந்தாரு?"

அண்ணன் போனதே கடைசி மூச்சில்தான். அதற்குமுன் நாட்டில் உள்ள கஷாயமெல்லாம் குடித்துத் தீர்த்திருந்தார். இதைச் சொன்னால் மத்தேயு காதில் ஏறுமா? ஏறவே ஏறாது.

கடைசியில் அற்புதமலருக்கே பித்தப்பையில் கல் என்று வந்தது. ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனாலும் அந்தப் பயத்தை வைத்தே ஒரு பேரம் பேசினாள்.

"நான் உசிரோட நடந்து வந்தா, நீங்களும் நெஞ்சக் காட்டப் போகணும். சரியா?"

மத்தேயு அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு, "நீ நடந்து வா புள்ள. போறேன்" என்றார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அவள் அதை மடியில் முடிந்துகொண்டு போனாள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மயக்க மருந்து ஏறும்போது துஷாந்தினி என்ற தமிழ் நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றாள். அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது என்பது அவளுக்குக் கடைசிவரை மறக்காது. கண் விழித்தபோது வேறு வார்ட்டில், வேறு கட்டிலில் கிடந்தாள்.

ஆனால் அன்று பார்க்கிற நேரத்துக்கு ஒருவரும் வரவில்லை. கஞ்சி கொண்டு வருகிறேன் என்று சொன்ன, லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா தனலெட்சுமியையும் காணோம். மறுநாள் காலையிலும் யாரும் வரவில்லை. மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் ஈயாய் மொய்த்தார்கள். இவளுக்கு, அடுத்த கட்டில்காரியின் மகள் இரக்கப்பட்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அற்புதமலரின் போனில் சார்ஜ் செத்துப்போயிருந்தது. பார்க்க வந்த துஷாந்தினியின் போனை வாங்கி மத்தேயுவுக்கு அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி மனுஷன், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப் பயந்து ஒளிந்துகொண்டார் என்று பல்லைக் கடித்தாள்.

வெளியேறும் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும், "கூட்டிப் போக ஆள் வரல்லையா?" என்று துஷாந்தினி கேட்டாள்.

"எனக்குக் காலு இருக்கு மிஸ்."

நர்ஸ் சிரித்துவிட்டு, தனக்குத் தெரிந்த மஹ்ரூப் என்பவருடைய ஆட்டோவைக் கூப்பிட்டு அவளை ஏற்றிவிட்டாள்.

பசறை ரோட்டில் ஏறும்போது எதிரே ஒரு வேன் வந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் அவளுடைய லயத்து ஆண்கள். தலையைத் தொங்கப்போட்டபடி இருந்தார்கள். அவள் கையை ஆட்டிக் கத்தினாள். ஒருவரும் திரும்பவில்லை.

தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தன.

"யாரோ மௌத்தாப் போயிட்டாங்க போல, அக்கா" என்றார் மஹ்ரூப்.

அற்புதமலருக்கு உடனே விளங்கிவிட்டது. மேல்லயத்துச் சூசை மாதக்கணக்கில் பாயோடு கிடந்தவர். பாவம், போய்விட்டார். அதுதான் யாரும் வரவில்லை, எல்லாரும் சாவு வீட்டில் நிற்கிறார்கள்! அந்த இடத்திலேயே அவள் தோட்டத்தையே மன்னித்துவிட்டாள். தனலெட்சுமியையும் மன்னித்தாள். மத்தேயுவை மட்டும் கொஞ்சம் திட்டிவிட்டு மன்னிக்கலாம் என்று வைத்துக்கொண்டாள்.

ஆனால் கொடிகள் மேல்லயத்துப் பக்கம் போகவில்லை. கீழ்லயத்துக்கு, அவளுடைய லயத்துக்கு இறங்கின.

பாதி ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனின் உருவம் கண்ணுக்குள் வந்து நின்றது. போன் ஏன் எடுக்கவில்லை என்று இப்போது தெரிந்தது. "அய்யோ, ஆண்டவரே, நான் போன நேரத்திலயா?" என்று அலறிக்கொண்டு, ஆட்டோ நிற்கும் முன்பே இறங்கினாள். தையல் போட்ட வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு ஓடினாள்.

வாசலில் கூட்டம். இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு நாற்காலி. அதன்மேல் மாலை போட்ட படம், முன்னால் எரிகிற மெழுகுவர்த்தி. படத்தில் இருந்தது மத்தேயு இல்லை. அவளேதான்.

முதலில் பார்த்தது தனலெட்சுமி. "மலரக்கா...!" என்று போட்ட சத்தத்தில் நாய்கூட ஓடிவிட்டது. ஜெபம் செய்துகொண்டிருந்தவர்கள் பாதி ஜெபத்தில் நிறுத்தினார்கள். சிலர் பின்வாங்கினார்கள். ஒருவருக்கும் அவளைத் தொட்டுப் பார்க்கத் துணிவில்லை.

நடந்தது இதுதான். ஆபரேஷன் நாளில் தனலெட்சுமி கஞ்சியோடு போனபோது பழைய கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு பெண் கட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். லயத்தில் ஒருவருக்கு உயிர் போனால் முதல் வேலை மெத்தையைச் சுருட்டுவதும் கட்டிலைக் கழுவுவதும்தான். அதற்குமேல் அவள் என்ன கேட்பாள்? தலையில் அடித்துக்கொண்டு நேரே பஸ் ஏறிவிட்டாள். இவள் போனுக்கு அடித்தாலும் வேலை செய்யவில்லை; மத்தேயு அழுகையில் தன் போனைத் தொடவே இல்லை. அன்றைக்கே கொடி கட்டியாயிற்று. வேன் கிடைக்க மறுநாள் ஆனது; அதில் போனவர்கள் பிணவறையில் இவளைத் தேடுவதற்காகப் போனவர்கள்.

கூட்டம் விலகியது. மூலையில் குந்தியிருந்த மத்தேயு எழுந்தார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "மலரு..." என்றார். ஒரு கையை அவளிடம் நீட்டினார், மறு கையால் நெஞ்சைப் பிடித்தார். அப்படியே சரிந்தார்.

கூட்டமே மரமாய் நின்றது. செத்தவள்தான் கத்தினாள். "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, தூக்குங்க! ஆட்டோவுல ஏத்துங்க!"

மஹ்ரூப் வந்த வழியே ஆட்டோவைப் பறக்கவிட்டார். மத்தேயுவின் தலை அவள் மடியில் கிடந்தது. குலுங்கும்போதெல்லாம் தையல் சுரீரென்று இழுத்தது. அவள் வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தாள். ஏசுவதை நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். "வாக்குக் குடுத்தீங்க. நான் நடந்து வந்துட்டேன். ஏமாத்திட்டுப் போயிராதீங்க."

ஆஸ்பத்திரியில் அவரை ஓட்டமாய் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மாரடைப்பு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் தப்பியிருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார். துஷாந்தினி ஓடிவந்து, காலையில் அனுப்பிவைத்தவளே திரும்பி வந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

மறுநாள் மத்தேயு கண் திறந்தார். வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு. பக்கத்தில், செத்துவிட்டாள் என்று முந்தாநாள் இரவெல்லாம் அவர் அழுது தீர்த்த மனைவி.

"மலரு, நானும் வந்துட்டேனா?"

சண்டைக்காரி அவர் பக்கம் குனிந்தாள். "ஆமாங்க. வந்துட்டீங்க, பதுளைக்கு."

அவர் கண்ணை மட்டும் உருட்டி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"பெட்டியிலயா?"

"ஆட்டோவுல" என்றாள். அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க வாய்விட்டு அழுதாள்.