நேர்த்திக் கல்

எங்கள் மகனுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல், போகும்போது இடது காலின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. அவன் பழையபடி எழுந்து நடந்தால் வெள்ளியில் சின்னக் கால் ஒன்று செய்து, எங்கள் கோயில் புனிதரின் பீடத்தில் வைப்பதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள்.

அவளுடைய அண்ணன் கிள்ளானில் பள்ளிக்கூட வாத்தியார்; வேறு சபையில் சேர்ந்தவர். ஒரு ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிட வந்தவர், நேர்த்தியைக் கேள்விப்பட்டதும் பிடித்துக்கொண்டார்.

"செத்தவங்ககிட்ட நேர்ந்துக்கிறதெல்லாம் பின்னால வந்த பழக்கம். ஆண்டவருக்குக் கோபம் வந்தா புள்ளைக்குத்தான் கெடுதல்."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். அன்றிலிருந்து என் மனைவிக்கு நேர்ந்ததை வைத்துக்கொள்ளவும் பயம், விட்டுவிடவும் பயம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீசில் சரக்கு ரயில் கணக்கை இரண்டு முறை தப்பாகக் கூட்டித் திட்டு வாங்கினேன்.

எங்கள் கோயிலின் பிரெஞ்சுச் சாமியார் இளமையில் சிரியாவில் இருந்தவர். அங்கிருந்த கிரேக்கக் கல்வெட்டுகளின் மேல் ஈரக் காகிதத்தை அறைந்து எடுத்த அச்சுகளை, கறையானுக்குப் பயந்து பிஸ்கட் டின்களில் வைத்திருந்தார். அந்தக் காலத்திலேயே நேர்ந்துகொண்டார்கள் என்று காட்டி மச்சானின் வாயை அடைக்க ஒரு கல் வேண்டும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு தாளை விரித்தார்.

"இது ஒரு புனிதரின் கோயில் கல். 'நேர்த்தியின்படி வைத்தது. வைத்தவன் பெயரைக் கடவுள் அறிவார்.' இவ்வளவுதான் எழுதியிருக்கிறது."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கிள்ளானுக்கு அடுத்த ரயில் எப்போது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

"அவசரப்படாதீர். அப்போஸ்தலர் காலத்துக்கு இது வெகு பிந்தியது. மக்கள் அப்போது இப்படிச் செய்தார்கள் என்று கல் சொல்லும். செய்தது சரியா என்று சொல்லாது" என்றார் சாமியார்.

அதை நான் காதில் வாங்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"கல்லு வச்சவரு கேட்டது கெடைச்சிச்சாங்க?" என்று கேட்டாள்.

"கெடைக்காமலா கல்லு வைப்பாரு?"

அவள் முகம் தெளிந்துவிட்டது. என் நிம்மதிதான் அந்த நிமிஷத்தோடு போயிற்று. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரைப் போய்ப் பிடித்தேன்.

"கேட்டுக் கெடைக்காதவங்களும் இருந்திருப்பாங்களே சுவாமி, அவங்க கல்லு எங்க?"

அவர் பூசை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். "அவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது" என்றார்.

மகன் வளர்ந்தான், தடி ஊன்றியே நடந்தான்; வெள்ளிக் கால் செய்ய வேளை வரவேயில்லை. மச்சான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. அந்த இரக்கம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என் மனைவி சாகும்வரை ஒவ்வொரு செவ்வாயும் அந்தப் பீடத்தின் முன் முழந்தாளிட்டாள். அவள் அங்கே வந்ததற்கு இன்று ஓர் அடையாளமும் இல்லை.