வரப்பிலிருந்து வந்த புல்

காட்டுமன்னார்கோயிலில் அப்பா வெட்டி வெட்டி எறிந்த அருகம்புல்லைத்தான் கடலூரில் சித்தி குனிந்து குனிந்து நடுகிறாள் என்று பத்து வயதில் நான் நினைத்தேன். ஒரு கம்பெனிக் குடியிருப்பின் கோல்ஃப் மைதானத்தில் அவளுக்கு வேலை. அந்த மழைக்காலத்தில் கடல்தண்ணீர் உள்ளே புகுந்து, பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் திட்டு ஒன்று உப்பில் கருகிப்போயிருந்தது.

கோடை விடுமுறைக்கு நான் போனபோது, சித்தி ஜிப்சம் தூவி, கம்பியால் துளையிட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பை இறக்கி, புதுப்புல் நட்டிருந்தாள். அங்கே நடக்கவிருந்த கோல்ஃப் போட்டிக்குள் புல் மூடாவிட்டால் வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். எல்லாம் மூடியது, நடுவில் ஒரு பாய் அகலம் மட்டும் மொட்டையாகவே கிடந்தது. சித்தி சலிக்காமல் அங்கே மூன்றாம் முறையும் நட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த் திரும்பும்போது வரப்பிலிருந்து ஒரு பை அருகு பிடுங்கி வந்தேன். சித்தி சாப்பிடப் போன நேரத்தில் இடைவெளியெல்லாம் செருகினேன். அந்தத் திட்டுக்குத் தண்ணீர் விடும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் மற்ற திட்டுகளில் மும்முரமாக இருந்தாள். பத்தே நாளில் என் புல் தடித்த தண்டோடு கொழுத்துப் படர்ந்தது.

மேனேஜர் வந்தார். குனிந்து தடவிப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: “யாரு நட்டது?”

நான் வாய் திறப்பதற்குள் சித்தி என்னை ஒருமுறை பார்த்தாள்.

“நான்தான் சார். போட்டிக்குள்ள சரியாயிடும்.”

மறுநாள் விடிந்ததும் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினாள். மண்ணையெல்லாம் சல்லடையில் சலித்தாள். “ஒரு கணு தங்கினாலும் திரும்ப ஓடிடும்” என்று மட்டும் சொன்னாள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு நான்கு நாள் அருகின் வேர்த்துண்டுகளைப் பொறுக்கினாள். பிறகு ஓரத்துப் பாத்தியிலிருந்து மயிரிழை போன்ற மெல்லிய புல்லைக் கொண்டுவந்து நான்காம் முறையாக நட்டாள். போட்டியன்று பந்து அந்த இடத்தில் தடுக்காமல் உருண்டு போனது. வேலை வெளியாட்களிடம் போகவில்லை.

நான் சித்தியோடு பேசவில்லை. நான் வளர்த்ததைத் தான் வளர்த்ததாகச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டாள், பிறகு பொறாமையில் பிடுங்கியும் போட்டாள் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அந்த வருஷம் சித்திக்குக் கிடைக்கவேண்டிய மேஸ்திரி வேலை இன்னொருவருக்குப் போனதைப் பற்றி அம்மாவும் அவளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் நான், சித்தி என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.