முழுப் பலத்தையும் காட்டாதவர்கள்

என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதே கத்துவதற்குத்தான். விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் உடல் பலத்தை அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. ஓட்டக்காரர்கள், பளு தூக்குகிறவர்கள், எழுபது தாண்டிய பெரியவர்கள் என்று எல்லோரும் அங்கே வந்து ஒரு கருவியில் உட்கார்ந்து காலால் இரும்புத் தட்டைத் தள்ளுவார்கள். எவ்வளவு பலம் என்று திரையில் எண் வரும். பக்கத்தில் நின்று "தள்ளுங்க, தள்ளுங்க, விடாதீங்க, இன்னும்" என்று கத்துவது இவர் வேலை. அதையும் இஷ்டத்துக்குக் கத்த முடியாது. ஒருவருக்கு உற்சாகமாகவும் இன்னொருவருக்குத் தூங்கி வழிந்தும் கத்தினால் ஆராய்ச்சி கெட்டுவிடுமாம். அதனால் எல்லோருக்கும் அதே வார்த்தை, அதே சத்தம். தாளில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். நடுவில் வேறு வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் அந்தச் சோதனை செல்லாது. விளையாட்டுப் பிள்ளைகள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் கத்தல் மாஸ்டர்.

வருடக் கணக்கில் கத்திக் கத்தி மனுஷனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. யாரையும் நம்ப மாட்டார். சும்மா சொல்லக் கூடாது, காரணம் இல்லாமலும் இல்லை. ஓட்டக்காரப் பிள்ளைகள் முதல் சோதனையில் வேண்டுமென்றே பாதி பலத்தோடு தள்ளுவார்களாம். அப்போதுதான் கடைசிச் சோதனையில் முழுசாகத் தள்ளி, "ஆகா, எவ்வளவு முன்னேற்றம்!" என்று பயிற்சியாளரிடம் பெயர் வாங்கலாம். வயசானவர்கள் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று பயந்து பாதியிலேயே விட்டுவிடுவார்கள். "எல்லாரும் கொஞ்சம் ஒளிச்சு வெச்சுக்குவாங்க. கழுத்து நரம்பைப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்பார் இவர். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை எடுத்துத் தர மாட்டார், கழுத்தைப் பார்ப்பார். என் கழுத்தில் என்ன, எழுதியா ஒட்டியிருக்கிறது?

ஊரையே சந்தேகப்படுகிற இந்த ஆள் உலகத்தில் நம்பியது ஒரே ஒருவரை, அவருடைய அப்பாவை.

மாமனார் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு தன் வீட்டில் தனியாகவே இருந்தார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் காலில் பலம் விட்டுப்போய்விட்டது. சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "கால் சரியானதும் போயிடுறேம்மா" என்றார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு மகள் புத்தக மூட்டையோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். பரீட்சை வருகிற வருஷம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூத்த மச்சினர் போன் செய்வார். "அப்பா கால் எப்படி இருக்கு? எப்ப வீட்டுக்குப் போறார்?" என்று கேட்பார். மறைப்பானேன், எனக்கும் அதே கேள்விதான்.

அந்தச் சமயம் ஆய்வுக்கூடத்தில் வயசானவர்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்து, போன பலம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். இவர் தன் அப்பாவையும் அதில் சேர்த்துவிட்டார். பயிற்சி நன்றாகவே வேலை செய்தது. கைத்தடியோடு வந்த ஒரு டீச்சரம்மா இரண்டாம் மாதம் கைத்தடியை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்களாம். எல்லோருக்கும் பலம் ஏறியது, எங்கள் மாமனாரைத் தவிர. அவர் மட்டும் வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியை அம்மா ரத்தப் பரிசோதனைகூடச் செய்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

"சில பேருக்கு லேட்டாத்தான் ஏறும்" என்றார் இவர்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் முனகிக்கொண்டே எழுகிற மனிதர், நான் வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் மேல் அலமாரி டப்பாவிலிருக்கும் பிஸ்கட்டைக் காலி செய்திருக்கிறார். அந்த டப்பா எனக்கே எட்டாது. ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். பிறகு ஒருநாள் வந்து பார்த்தால், தண்ணீர் கேன் ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிறை கேன், இருபது லிட்டர்.

"யார் மாமா தூக்கி வெச்சது?"

"கேன்காரர்தாம்மா. பாவம், நல்ல மனுஷன்."

அடுத்த முறை அந்த நல்ல மனுஷனை வாசலிலேயே பிடித்துக் கேட்டேன். "நானா? உங்க வீட்டுக்குள்ள நான் வந்ததே இல்லக்கா. வாசல்ல வெச்சுட்டுப் போறேன், அவ்வளவுதான்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே! நான் காபியைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், மகள் தரையில் படுத்துப் படிக்கிறாள், மாமனார் பகலில் கேன் தூக்குகிறார். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எங்கப்பாவையா சந்தேகப்படுற?" என்று எகிறினார்.

"ஊர்ல இருக்கிற எல்லார் கழுத்தையும் பார்க்கறீங்களே, உங்கப்பா கழுத்தை ஒரு தடவை பாருங்களேன்."

"வாயை மூடு."

ஆனால் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து வந்தவர் சாப்பாட்டுத் தட்டின் முன் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நெசமாவே பலமில்லாதவங்க மூணு தடவை தள்ளினா மூணும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் வரும். அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருது. போன தடவை எவ்வளவு நடிச்சோம்கிறது அவருக்கு ஞாபகம் இல்ல."

"கேட்க வேண்டியதுதானே?"

"என்னன்னு கேக்கறது? ஏம்பா பொய் சொல்றீங்கன்னா?"

நானாவது கேட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மாமனார் அன்று காலையில் இருந்து நன்றாகத்தான் இருந்தார். மகளுக்கு லாரிக் கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததெல்லாம் எப்போதோ போயிருந்தது; எனக்குத்தான் கண்ணில் படவில்லை. "அங்க தனியா இருக்கும்போது டிவியில நியூஸ் வாசிக்கிற பொண்ணுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருப்பேன். 'அப்படியாம்மா, மழை வருதா'ன்னு கேப்பேன். அது எங்க பதில் சொல்லுது?" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போது போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டேன். மூத்த மச்சினர். "அடுத்த மாசம் உங்க வீட்டைக் கழுவி வைக்கச் சொல்லட்டுமாப்பா?" என்றார்.

மாமனாரின் கை தானாக முட்டிக்குப் போனது. "இன்னும் வலி இருக்குப்பா" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. போன ஞாயிறும் அதே கை, அதே முட்டி. சோம்பேறித்தனமாவது ஒன்றாவது! இந்த மனிதருக்குக் காலில் ஒன்றுமே இல்லை. கால் சரியாகிவிட்டால் அந்த வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டுமே என்கிற பயம்தான் அவரை உட்கார வைத்திருக்கிறது. அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. வாயைத் திறந்து சொன்னால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

கடைசிச் சோதனைக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். வீட்டு ஆட்கள் சுவரோரம் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது. இந்த முறை கருவி கிடையாது; கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும், மணி அடிக்கிற வரை. எத்தனை முறை என்று பேராசிரியை அம்மா எண்ணிக் குறித்துக்கொள்வார். டீச்சரம்மா வந்தார், சாவி கொடுத்த பொம்மை மாதிரி எழுந்து எழுந்து உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்தது மாமனார். இவர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"எழுங்க. எழுங்க. விடாதீங்க. இன்னும்."

மாமனார் ஒரு தடவை எழுந்தார். இரண்டாம் தடவை பாதியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தார். இவர் அதே சத்தத்தில் கத்திக்கொண்டே இருந்தார். அதே நாலு வார்த்தை. அப்பா நடிக்கிறார் என்று மகனுக்குத் தெரியும். மகனுக்குத் தெரியும் என்று அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. மாமனார் இவர் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"மாமா! நீங்க எழுந்தாலும் எங்கேயும் போகப் போறதில்ல. கால் சரியானாலும் எங்க கூடத்தான் இருக்கப் போறீங்க. அந்த ரூம் உங்களுக்குத்தான்."

மகளைக் கேட்காமல்தான் சொன்னேன். அது வேறு சண்டை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அம்மா, பேசக் கூடாது!" என்றார் பேராசிரியை.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார். நான் வெளியிலிருந்து வந்தவள். மகன் என்ன சொல்கிறான் என்பதல்லவா அவருக்கு வேண்டும்? இவர் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அந்தத் தாளில் இல்லாத ஒரு வார்த்தையை இவர் அந்த அறையில் பேசி நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஆமாப்பா" என்றார். "நம்ம வீட்டுலதான்."

மாமனார் முட்டியிலிருந்து கையை எடுத்து நெஞ்சில் கட்டிக்கொண்டார். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. மணி அடித்தும் நிறுத்தவில்லை. டீச்சரம்மா தன் கணக்கைத் தாண்டிவிட்டாரே என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது செல்லாது. எல்லாம் கெட்டுப்போச்சு" என்று பேராசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாமனார் நின்றபடியே மூச்சு வாங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வந்த அன்னிக்கே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா, நான் எப்பவோ நடந்திருப்பேனேம்மா."