இராக்கம்மாவின் முகமும் பெரியாயியின் கையும்

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இராக்கம்மாவையும் அவளுடைய மருமகன் மாரிசாமியையும் சேர்ந்தாற்போல் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், இருவரும் தாயும் மகனும் என்றே நினைத்துக்கொள்வார்கள். இருவர் முகத்திலும் ஒரே மாதிரி அம்மைத் தழும்பு. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் இதை வைத்துக் கேலி பேசுவதுண்டு.

"பெத்த மகளுக்கு வாய்க்காத சாடை மருமகனுக்கு வாய்ச்சிருக்கே, அக்கா."

"அந்தச் சாடைய வாங்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும்டி" என்று சொல்லிவிட்டு இராக்கம்மா தன் வேலையைப் பார்ப்பாள்.

மகள் பெரியாயியின் முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. இடக்கையில், தோளுக்குக் கீழே மட்டும் இரண்டு வட்டத் தழும்புகள் இருக்கின்றன. ஒன்று பழையது, மற்றது சில வருடங்கள் கழித்து வந்தது. முதல் தழும்பு வந்த விதத்தைப் பெரியாயியே எனக்குச் சொன்னாள்.

இராக்கம்மா துறையூர்ப் பக்கத்தில் பிறந்தவள். சிறுமியாக இருந்தபோது அவளுக்கு அம்மை வார்த்தது. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு மாமனோடு கடல் தாண்டி மடுல்சீமைக்கு வந்தாள். இங்கேயே கொழுந்து எடுத்தாள், இங்கேயே கல்யாணம் செய்தாள். பெரியாயி கைக்குழந்தையாக இருக்கும்போதே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தாள்.

அந்தக் காலத்தில் புதிதாக வரும் ஆட்களோடு சில வருடங்களில் அம்மையும் மலையேறி வந்துவிடும். தோட்டத்து எல்லையில், ஓடைக்கு அப்பால், மானாப்புல் வேய்ந்த கொட்டகை ஒன்று இருந்தது. அம்மை கண்டவர்களை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். யாரும் போக மாட்டார்கள். இராக்கம்மா போவாள்.

"ஆத்தா எங்கிட்ட வந்துட்டுப் போயிட்டா. மறுபடி வரமாட்டா" என்பது அவள் கணக்கு. அது தப்பான கணக்கு அல்ல. எத்தனையோ பேருக்குக் கஞ்சி ஊற்றினாள், வாழையிலை மாற்றிப் போட்டாள், சொறிந்துகொள்ளாமல் இருக்கக் கைகளைத் துணியால் சுற்றிக் கட்டினாள். ஒருநாளும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புருஷன் செத்த வருடமும் அம்மை வந்தது. பால்குடிப் பிள்ளையை யாரிடம் விடுவது? பெரியாயியையும் தூக்கிக்கொண்டு போய், கொட்டகை விட்டத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டாள். சுற்றிலும் நோயாளிகள் முனகிக்கொண்டு கிடக்க, நடுவில் பிள்ளை தூங்கியது. பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. தன்னிடம் இருப்பது தன் பால் வழியாக மகளுக்கும் போய்விட்டது என்று இராக்கம்மா முடிவு செய்தாள். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது? லயம் முழுவதும் நம்பியது. அதன் பிறகு அம்மை குத்த யார் வந்தாலும் இராக்கம்மா மகளை மேல் மலைக்கு அனுப்பிவிடுவாள்.

அம்மை குத்த வருபவர் பதுளையைச் சேர்ந்த ஸஹாப்தீன். பசறை வரை மாட்டு வண்டியில் வந்து, அங்கிருந்து நடந்து ஏறுவார். மருந்து நிரப்பிய மெல்லிய கண்ணாடிக் குழல்களை ஈரத் துணியில் சுற்றி மூங்கில் குழாய்க்குள் வைத்திருப்பார். அதோடு ஒரு கட்டு வேப்பிலையும் கொண்டுவருவார். மடுல்சீமைக் குளிரில் வேம்பு வளராது. பிபிலைப் பக்கமிருந்து பதுளைச் சந்தைக்கு வருவதை இராக்கம்மாவுக்காகத்தான் வாங்கி வருவார். அந்த வேப்பிலை இல்லாவிட்டால் லயத்து அறைகளான காம்பராக்களில் ஒன்றின் கதவும் தனக்குத் திறக்காது என்பது அவருக்கும் தெரியும்.

இருவருக்கும் நல்ல பழக்கம்; அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பாள், அவர் அவளை 'அக்கா' என்பார். அவர் சட்டைக் கையை மடித்தால் தோளருகே வரிசையாகத் தழும்புகள் தெரியும். இராக்கம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"ஏன் நானா, இதென்ன வருஷா வருஷம் ஒண்ணு கூடுது?"

"சில வருஷத்துல வேகம் கொறைஞ்சு போகும் அக்கா. திரும்பவும் குத்திக்கணும்."

"எனக்கு ஆத்தா ஒரு தடவைதான் போட்டா. இன்னும் நிக்குது. ஒங்களுது வெளக்குக்கு எண்ணெய் ஊத்துற கதையால்ல இருக்கு."

"உங்களுது கெட்டிதான். யாரு இல்லன்னா?" என்று அவரும் சிரிப்பார்.

பெரியாயிக்கு மாரிசாமியோடு கல்யாணமாகிய மறு வருடம், புதிய ஆட்கள் வந்தார்கள். பசறை வரை போய் அவர்கள் மூட்டைகளைச் சுமந்து வந்தவர்களில் மாரிசாமியும் ஒருவன். கொஞ்ச நாளில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. முகத்தில் முத்துகள் எழும்பின. நல்லையா கங்காணி ஆள் வைத்து அவனைக் கொட்டகைக்குத் தூக்கிப் போகச் சொன்னார். பதுளைக்கும் தகவல் அனுப்பினார்.

பெரியாயி ஒரு பாயையும் மாற்றுச் சேலையையும் சுருட்டிக்கொண்டு தாயோடு கிளம்பினாள். இராக்கம்மா தடுக்கவில்லை. "வரட்டும். பச்சைப்புள்ளையிலயே அங்க கெடந்தவ" என்றாள். ஓடைக் கரையில், பாலத்துக்கு அருகே, ஸஹாப்தீன் ஒரு பாறை மேல் உட்கார்ந்து குழல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாயைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"புள்ள எங்க போகுது?"

"புருஷன்காரனப் பாக்க."

"கையக் காட்டும்மா."

பெரியாயி காட்டினாள். தழும்பு இல்லை.

"அவளுக்கு வேணாம் நானா" என்றாள் இராக்கம்மா. "எம்பாலு குடிச்சவ. எங்கிட்ட இருக்கிறது அவகிட்டயும் இருக்கு. அந்தக் கொட்டகையிலயே தொட்டில்ல கெடந்தா. ஒரு முத்து போட்டுச்சா?"

"நீங்க பாத்தது நெசம்தான்" என்றார் ஸஹாப்தீன். "அன்னைக்கு அவளக் காத்தது உங்க பாலாத்தான் இருக்கணும். பால்குடி மறந்து எவ்வளவு காலமாச்சு, அக்கா?"

"அது ஆச்சு, புள்ள வளந்து கல்யாணமே ஆயிருச்சே."

"அடுத்தவங்க எனக்குக் குடுத்தது தீந்து போகுதுன்னு சிரிச்சீங்க. நீங்க இவளுக்குக் குடுத்தது மட்டும் தீராதா?"

"நான் பெத்தவ, நானா."

"அதனாலதான் கேக்குறேன். உங்களுது உங்க ஒடம்பு பட்டுத் தேடிக்கிட்டது. அது உங்க கூட நிக்கும். இவளுது நீங்க ஊட்டினது."

இராக்கம்மா விடவில்லை: "அப்படியே இருக்கட்டும். என்னை மாதிரி இவளும் ஒரு தடவை பட்டு எந்திரிச்சுட்டா ஆயுசுக்கும் போதும்ல? ஒங்க மருந்து மாதிரி திரும்பத் திரும்பக் குத்திக்க வேணாம்ல?"

"எந்திரிச்சாப் போதும்" என்றார் ஸஹாப்தீன். "உங்களோட சேந்து படுத்தவங்க எல்லாரும் எந்திரிச்சாங்களா, அக்கா?" என்று கேட்டார்.

அவர் எதையும் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கவில்லை. அம்மை கண்ட எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. ஆனால் இராக்கம்மாவின் முகம் மாறிவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு தம்பிங்க" என்றாள். "ஒரே பாயில கெடந்தோம். நான் கண்ணு முழிச்சப்ப பாயில நான் மட்டும் இருந்தேன்."

தாய்க்குத் தம்பிகள் இருந்ததையே பெரியாயி அன்றைக்குத்தான் கேட்டாள். அதுவரை யாருக்கும் இராக்கம்மா சொன்னதில்லை. ஆத்தா தன்னைத் தொட்டுக் காப்பாற்றினாள் என்று சொல்லும்போதெல்லாம், காப்பாற்றாமல் விட்ட இருவரையும் அவள் விழுங்கிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"இவளுக்குக் குத்துங்க" என்றாள் இராக்கம்மா.

இப்போது பெரியாயி மறுத்தாள். "இவ்வளவு காலம் ஒண்ணு சொன்ன, இப்ப ஒண்ணு சொல்ற. அவரு அங்க தனியாக் கெடக்காரு. நான் போறேன்."

"போட்டுக்கிட்டுப் போயேன்டி."

"நீ போட்டுக்குவியா?"

இராக்கம்மா பாறையில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"பட்டு எந்திரிச்ச ஒடம்புல இது பிடிக்காது, அக்கா" என்றார் ஸஹாப்தீன். "ஊசி பட்ட இடம் அப்படியே காஞ்சு போகும். மருந்து வீணாகும். கொண்டாந்ததே கொஞ்சம்."

"வீணாப் போகட்டும் நானா. குத்துங்க. அவ பாக்கட்டும்."

அவர் குத்தினார். இராக்கம்மா கையை எடுத்ததும் அந்த இடத்தில் பெரியாயி உட்கார்ந்தாள். தாய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியாயிக்கு ஊசி வலித்ததைவிட அந்தப் பிடிதான் அதிகமாக வலித்ததாம்.

புருஷனுக்குக் காய்ச்சல் கண்ட நாள் வரை பெரியாயி அவனோடு ஒரே காம்பராவில் படுத்தவள். ஏற்கெனவே தொற்றியிருக்குமோ என்று இராக்கம்மா கேட்டாள். "தொத்தியிருந்தாலும் மருந்து முந்திக்கலாம். உறுதி சொல்ல முடியாது. கை கொப்புளிக்குதான்னு பாருங்க" என்று ஸஹாப்தீன் உள்ளதைச் சொன்னார். கொப்புளித்தால் மருந்து வேலை செய்கிறது, இல்லாவிட்டால் மறுபடி குத்த வேண்டும்.

"கை கொப்புளிச்சு ஆறுற வரைக்கும் இந்த ஓடையத் தாண்டாத" என்றாள் இராக்கம்மா மகளிடம். "அவன நான் பாத்துக்குறேன். சோறு கொண்டாந்து இந்தப் பாறையில வச்சிட்டுத் தள்ளி நில்லு. நீ போனப்புறம் நான் எடுத்துக்குறேன்." வேப்பிலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தனியாகப் பாலத்தைக் கடந்தாள்.

பெரியாயி தினமும் சோற்றை வைத்துவிட்டுச் சரிவில் ஏறி நிற்பாள். அக்கரையில் மூடுபனிக்குள் தாய் நிற்பது மங்கலாகத் தெரியும். ஓடை இரைச்சலில் இருவரும் கத்தித்தான் பேச வேண்டும்.

"அவரு எப்படியிருக்காரு?"

"கெடக்கான். கையி?"

"ஒண்ணுமில்ல."

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். இராக்கம்மா சோறு முழுவதையும் தின்னாமல் பாத்திரத்தில் மீதி வைத்துப் பாறையில் விட்டிருந்தாள். தாய் சாப்பாட்டை மிச்சம் வைத்துப் பெரியாயி அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு ஒரு காலை, எழும்போதே பெரியாயிக்குக் கை கனத்தது. ஊசி பட்ட இடம் சிவந்து, நடுவில் நீர்க்கோத்துப் பருத்திருந்தது. லேசாகக் காய்ச்சலும் இருந்தது. அது எந்தக் காய்ச்சல் என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே ஓடைக்கு வந்தாள்.

"கையி?" என்ற குரல் அக்கரையிலிருந்து வந்தது.

"கொப்புளிச்சிருச்சு."

"மூஞ்சியில?"

"இல்ல. கையில மட்டும்தான்."

இராக்கம்மா தண்ணீர் விளிம்பு வரை இறங்கி வந்தாள்.

"வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குது, அம்மா. கையத் தூக்க முடியல."

"நல்லா வலிக்கட்டும்" என்றாள் இராக்கம்மா. "சொறியாத. நனைக்காத. இன்னைக்கு அவன் கஞ்சி கேட்டுக் குடிச்சான்."

"ஒனக்கு? ஒங்கையி?"

இராக்கம்மா சேலையை விலக்கித் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. தெரிவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பதைத் தாய் சிரித்த விதத்திலிருந்து பெரியாயி புரிந்துகொண்டாள். சோற்றுப் பாத்திரத்தைப் பாறை மேல் வைத்துவிட்டு அவள் சரிவில் ஏறினாள். அன்றைக்கு மீதி வரவில்லை.